நீ யார் வீட்டுப் பிள்ளை?

சாந்தோம் என்ற பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். போர்த்துக்கீசியர்கள் புனித தோமையாரைத் தங்கள் மொழியில் ‘சான் தோமே’ என்றார்கள். அது மயிலாப்பூர்க் கடற்கரைக்கு வந்து சாந்தோம் ஆகி, முகவரியாகவும் பேருந்து நிறுத்தமாகவும் நிலைத்துவிட்டது. நெடுஞ்சாலையோரம் வெண்ணிறக் கோபுரத்தோடு நிற்கும் இன்றைய பேராலயம் 1896-ல் எழுந்தது. அதன் அடியில், தோமையாரின் கல்லறை என்று பல நூற்றாண்டுகளாக வணங்கப்படும் இடம் இருக்கிறது. அவர் கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கினார், 72-ல் சென்னையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. வரலாற்றாசிரியர்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார்; கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியர்களும் இங்கே யாத்திரை வந்ததாகச் சொல்கிறார். அந்த விவாதத்தை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். இங்கே பேச வேண்டியது அவருடைய பெயரைப் பற்றி.

‘தோமா’ என்றால் அரமேய மொழியில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் என்று பொருள். நற்செய்தியில் அவருக்குச் சொல்லப்படும் இன்னொரு பெயரான ‘திதிமு’வுக்கும் கிரேக்கத்தில் அதே பொருள்தான். யாரோடு இரட்டையாகப் பிறந்தார் என்பதை நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. இன்னொருவரின் நிழலாக அழைக்கப்பட்ட அவருக்கு உலகம் பிற்பாடு ஒரு பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தது: சந்தேகத் தோமா. பல மொழிகளில் அவர் பெயர் அவநம்பிக்கைக்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. யோவான் நற்செய்தியை நிதானமாகப் படிப்பவருக்கு இது எவ்வளவு அநியாயம் என்று புரியும். உயிர்த்த இயேசு முதல்முறை சீடர்கள் முன் தோன்றியபோது தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார். தோமா அன்று அங்கே இல்லை. மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட காயங்களைத் தானும் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். அதே தோமாதான் அதற்கு முன், இயேசு ஆபத்து நிறைந்த யூதேயாவுக்குத் திரும்பப் போகிறார் என்றதும், நாமும் போய் அவரோடு சாவோம் என்று சக சீடர்களைக் கூப்பிட்டவர். அந்த வீரத்தை யாரும் அவர் பெயரோடு சேர்க்கவில்லை. எட்டு நாள் தயக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த எட்டாம் நாள் காயங்களின் முன் நின்று, ‘நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்’ என்று அவர் செய்த அறிக்கைதான் யோவான் நற்செய்தியின் உச்சம். அதில் இரண்டு இடத்தில் ‘என்’ என்ற சொல்லை வைக்கிறார். தன்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. தான் யாருக்கு உரியவன் என்பதைச் சொல்லிவிட்டார். கிறிஸ்தவ நம்பிக்கை அடையாளம் என்று எதைச் சொல்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

தமிழ்நாட்டுக் கிராமத் தெருவில் அறிமுகமில்லாத சிறுவன் ஒருவன் நடந்துபோனால், திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி ‘நீ யார்?’ என்பதாக இருக்காது. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பார். அந்தக் கேள்வியில் வாஞ்சை இருக்கிறது. அதற்குள்ளேயே சாதியை, சொத்தை, தகுதியை அளக்கும் கோலும் இருக்கிறது. நகரத்துக்கு வந்தபின் கேள்வி வடிவம் மாறியது, அளவுகோல் மாறவில்லை. எத்தனை மார்க், எந்தக் கல்லூரி, என்ன சம்பளம், சொந்த வீடா வாடகையா என்று அது வயதுக்கு வயது உருமாறி வருகிறது. வீட்டில் எந்த முடிவையும் நிறுத்திவைக்க நமக்கு ஒரே வாக்கியம் போதும்: நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த நாலு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கல்யாணச் செலவையும் பெண்ணின் படிப்பையும் பையனின் தொழிலையும் தீர்மானிப்பது அவர்கள்தான். இப்போது அந்த நாலு பேர் கைபேசிக்குள் நாலாயிரம் பேராகியிருக்கிறார்கள். பாராட்டுக்கு எண்ணிக்கை வந்துவிட்டது. அது கூடுவதையும் குறைவதையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை படுக்கையில் படுத்தபடி நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கலாம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று சொல்லிவிட்டு நம் முன்னோர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாம் ஊர்வாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இந்த இடத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது, ஊர் பேச்சைக் காதில் வாங்காதே என்ற வெறும் அறிவுரை என்றால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அது சொல்வது வரிசையைப் பற்றியது. இயேசுவின் பொதுவாழ்வு யோர்தான் ஆற்றில் திருமுழுக்கோடு தொடங்குகிறது. இவர் தம் அன்புக்குரிய மகன், இவரில் தாம் மகிழ்கிறார் என்று வானத்திலிருந்து தந்தையின் குரல் வருகிறது. அதுவரை அவர் ஒரு நோயாளியைக்கூடக் குணமாக்கியதாக முதல் மூன்று நற்செய்திகள் சொல்லவில்லை. ஒரு போதனை கிடையாது, ஒரு சீடர் கிடையாது. நாசரேத்தில் தச்சராக இருந்தவர் ஆற்றில் இறங்கி ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். சாதனைக்கு முன்பே உறவு உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாலைவனத்தில் சோதிக்க வந்தவன் அந்த உறவின் மீதே கைவைக்கிறான். நீ இறைமகன் என்றால் கல்லை அப்பமாக்கிக் காட்டு, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்கிறான். ஏற்கெனவே கொடுக்கப்பட்ட ஒன்றை ஊர் பார்க்க நிரூபித்துக் காட்டச் சொல்கிறான். இயேசு மறுக்கிறார். அவருடைய சுதந்திரம் முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது. இதே வரிசையைத்தான் குழந்தைத் திருமுழுக்குச் சடங்கும் வைத்திருக்கிறது. கத்தோலிக்கக் கோயில் வாசலில் குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பது, குழந்தைக்கு என்ன பெயர் என்று. பேசத் தெரியாத, எதையும் சாதிக்காத, யாருக்கும் பயன்படாத அந்தக் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து, இது இன்னாருடையது என்று சபை ஏற்றுக்கொள்கிறது. பிற்பாடு அந்தப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கலாம், தோற்றும் போகலாம். நெற்றியில் வரைந்தது இரண்டு நாளிலும் ஒன்றுதான்.

இது வாழ்க்கையில் நிற்குமா என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. 1712-ல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். நல்ல குடும்பம், மதிப்பான பதவி, மன்னரின் நம்பிக்கை எல்லாம் இருந்தன. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின் மன்னரின் படைக்கே தலைவரான டச்சுப் படை அதிகாரி டி லனாய் வழியாகக் கிறிஸ்தவம் அவருக்கு அறிமுகமாயிற்று. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி அவருக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். 1749-ல் கைதானார். அதன்பின் அவருக்கு நடந்தவற்றில் அடியையும் உதையையும் விட யோசிக்க வைப்பது ஒன்று இருக்கிறது. மரபாகச் சொல்லப்பட்டு வரும் வரலாற்றின்படி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மாட்டின் மீது பின்புறம் பார்த்தபடி உட்காரவைத்து, ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள். ஒருவரைக் கொல்ல வேண்டுமென்றால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மனிதனின் மதிப்பு ஊரின் கண்ணில் இருக்கிறது என்று அதிகாரம் உறுதியாக நம்பியது. அங்கே அதைப் பறித்துவிட்டால் ஆள் தானாக உடைந்து பழைய இடத்துக்குத் திரும்புவான் என்று கணக்குப் போட்டது. பெரும்பாலான மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு சரிதான். தேவசகாயத்திடம் அது பலிக்கவில்லை. 1752 ஜனவரி 14-ம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத பொதுநிலையினரில் இந்தியாவின் முதல் புனிதர் அவர்.

அவர் தண்டிக்கப்பட்டது மத நம்பிக்கைக்காக அல்ல, அரசத் துரோகக் குற்றச்சாட்டுக்காக என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் காலத்து அரசில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல என்பது என் கருத்து. மன்னரின் பணியாளர் தான் முதலில் வேறொருவருக்கு உரியவன் என்று சொல்லும்போது, அரண்மனையின் காதில் அது துரோகமாகத்தான் விழும். இந்த நிலைப்பாடு தமிழுக்குப் புதியதும் அல்ல. பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணிய மறுத்து, தாம் சிவனுக்கே ஆள் என்று நின்ற அப்பரைத் தமிழர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொண்டாடி வருகிறார்கள். மயிலாப்பூரிலேயே பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வாயிலார் நாயனார் பூவும் நீரும் இல்லாமல், வெளியே ஒருவருக்கும் தெரியாமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி வழிபட்டவர். பார்ப்பவர் இல்லாத பக்திக்கு நாயன்மார் வரிசையில் ஓர் இடம் கொடுத்த ஊர் இது. தேவசகாயம் என்ன செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஊர்க்காரர் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் மயிலாப்பூரிலிருந்தே ஒரு வலுவான மறுப்பும் எழும். சாந்தோமிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் திருவள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது. அவர் புகழுக்கென்றே ஓர் அதிகாரம் எழுதியவர். இல்லறவியலை அந்த அதிகாரத்தோடுதான் முடிக்கிறார். பிறந்தால் புகழோடு வாழ வேண்டும் என்று சொன்ன மொழியில் வளர்ந்தவரிடம் உலகத்தின் பாராட்டைப் பொருட்படுத்தாதே என்பது பொருந்துமா? குறளின் அடுக்கைக் கவனித்தால் இந்த மறுப்பு கரைந்துவிடுகிறது. புகழ் அதிகாரத்துக்கு முந்தையது ஈகை. கொடுத்தவனைத் தேடி வந்து சேருவதாகத்தான் வள்ளுவர் புகழைப் பேசுகிறார். புகழைத் தேடிக் கொடுப்பவனை அவர் மெச்சவில்லை. இயேசுவும் நல்ல செயல் வெளிச்சத்தில் தெரியட்டும் என்கிறார். அதே மலைப்பொழிவில், மனிதர் பார்க்கவேண்டும் என்பதற்காகத் தெருமுனையில் நின்று செபிப்பதையும் எக்காளம் ஊதித் தர்மம் செய்வதையும் கண்டிக்கிறார். செயலுக்குப் பின்னால் வரும் நற்பெயரை இரு மரபும் வெறுக்கவில்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் நான் இல்லை என்ற நிலையைத்தான் நோய் என்கின்றன. யோவான் நற்செய்தி அந்த நோய்க்கு ஓர் உதாரணமும் தருகிறது. தலைவர்கள் பலர் இயேசுவை உள்ளூர நம்பினார்கள், ஆனால் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்களே என்று வாய் திறக்கவில்லை என்று எழுதிவிட்டு, மனிதர் தரும் பெருமையை அவர்கள் அதிகம் விரும்பியதே காரணம் என்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாலு பேருக்குப் பயந்தவர்கள், அவ்வளவே.

இன்னொரு மறுப்பு உளவியல் பக்கத்திலிருந்து வருகிறது. ஊர் சொல்வதை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதுதானே. அது கர்வமாகத்தானே முடியும்? இன்றைய தன்னம்பிக்கை நூல்கள் பல உண்மையிலேயே அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன. ஊருக்குப் பதில் கண்ணாடி முன் நிற்கச் சொல்கின்றன. தமிழர்களுக்கு ‘நான் யார்?’ என்ற கேள்வி என்றதும் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் தந்த பதில்களே அந்தப் பெயரில் நூலாயின. அந்த வழி உள்ளே திரும்பி, ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று தேடச் சொல்கிறது. அதே தலைப்பில் 1944-ல் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து ஒரு கவிதை எழுதப்பட்டது. எழுதியவர் ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்ட ஜெர்மன் இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோபர். சிறைக் காவலர்கள் அவரைக் கலங்காத மனிதர் என்று நினைத்தார்கள். தாம் உள்ளுக்குள் கூண்டுப் பறவைபோலத் தவிப்பது அவருக்குத் தெரியும். இந்த இரண்டில் எது உண்மை நான் என்று அந்தக் கவிதை கேட்கிறது. இரண்டையுமே அது கடைசித் தீர்ப்பாக ஏற்கவில்லை. தான் யாராக இருந்தாலும் இறைவனுக்கு உரியவன், இறைவனுக்கு அது தெரியும் என்பதில் போய் நிற்கிறது. 1945 ஏப்ரல் 9-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். கிறிஸ்தவர் தம்மைப் பற்றித் தாமே தரும் நற்சான்றில் சாய்ந்து நிற்பதில்லை. அந்தச் சான்றும் ஊர்ச்சான்றைப் போலவே ஒருநாள் கிழியும். பேதுரு தன்னைப் பற்றி உயர்வாக நினைத்திருந்தார், விடிவதற்குள் இயேசுவை மூன்று முறை மறுதலித்தார். அவரை மறுபடி எழுப்பியது சுயமதிப்பு அல்ல, கடற்கரையில் வந்து பெயர் சொல்லி அழைத்தவரின் குரல்.

அந்நிய மதத்தில் அடையாளம் தேடுபவர் தம் மொழியையும் மண்ணையும் இழந்துவிடுவார் என்ற பேச்சு நம் ஊரில் அடிக்கடி கேட்பது. அதற்கான பதிலும் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827-ல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணத்தில் ஊறிய தமிழாசிரியர். 1858 ஏப்ரலில், சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, மயிலாப்பூர் தூய தோமையார் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். முப்பது வயதில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஆனவர் அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைத் தூக்கியெறியவில்லை. ஆழ்வார்களிடமும் கம்பரிடமும் கற்ற தமிழை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆங்கிலேயரான ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை இரட்சணிய யாத்திரிகம் என்ற விருத்தக் காப்பியமாக்கினார். 1894-ல் அது நூலாக வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயர் அவரைத் தேடி வந்தது. பனியன் யார் என்பதும் இங்கே பொருந்துகிறது. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். இனி பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அவர் கதையில் ஒரு சந்தை வருகிறது. வீடு, நிலம், பதவி, பட்டம், மரியாதை எல்லாம் அங்கே விற்பனைக்கு. பயணிகள் இருவர் எதையும் வாங்காமல் நடக்கிறார்கள். சந்தைக்குக் கோபம் வருவது அவர்கள் எதையாவது திருடியதால் அல்ல, வாங்கவில்லை என்பதால். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பித்தளைப் பாத்திரக்காரர் எழுதிய அந்தச் சந்தை, நம் கைபேசிக் காலத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. இதை எழுதும் கிறிஸ்தவர் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. ஊர்க்கூட்டத்தை விட்டுவிட்டுக் கோயில்கூட்டத்துக்குள் போகிறவருக்கு என்ன விடுதலை கிடைத்துவிட்டது? நாலு பேர் மாறினார்களே தவிர, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் மாறவில்லையே? பங்கில் யாருக்கு முன் நாற்காலி, திருவிழாவில் யார் பெயரில் கொடியேற்றம், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்பதெல்லாம் அங்கேயும்தானே நடக்கிறது? நடக்கிறது. மறுப்பதற்கில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியை மீறி எல்லோரோடும் பழகிய ஒரு மனிதரை உலகத்துக்குக் கொடுத்த ஊர் அது. 1870-களில் அங்கே எழுந்த பெரிய கோயிலுக்கு இரண்டு கைகள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போல இரண்டு மண்டபங்கள் விரிந்தன. ஒரு சாதியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு மற்றொன்று, நடுவே தடுப்புச் சுவர். ஒரே அப்பத்தை வாங்க வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்த ஏற்பாடு அது. 1910-ல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். பழையபடி பிரித்துத் தர வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இந்தச் சுவர் என் வாதத்தைப் பொய்யாக்குகிறதா? அது காட்டுவது, அடையாளம் கொடுக்கப்பட்ட பின்னும் பழைய அளவுகோலைக் கையிலிருந்து விடாதவர்கள் இருந்தார்கள் என்பதை. மருந்தை வாங்கி அலமாரியில் வைத்தவர் நோயோடு இருந்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கிவிட்டேன் என்று அவர் பெருமை பேசவும் முடியாது. பவுல் கலாத்தியருக்கு எழுதியபோது யூதன், கிரேக்கன், அடிமை, உரிமைக் குடிமகன், ஆண், பெண் என்ற கோடுகள் திருமுழுக்குப் பெற்றவர்களிடையே செல்லாது என்று சொன்னார். இன்னொரு கடிதத்தில் தம் குலப்பெருமையை வரிசையாக எண்ணிக் காட்டிவிட்டு, அத்தனையையும் நஷ்டக் கணக்கில் எழுதினார். வடக்கன்குளத்துச் சுவரை இடித்தவர்கள் வெளியிலிருந்து ஒரு நியாயத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. சபையைக் கண்டிக்க வேண்டிய வார்த்தை சபையின் கையில் இருக்கும் நூலிலேயே இருந்தது. தேவசகாயத்தைப் புனிதராக்கும் பணி நடந்தபோதும் இதே கேள்வி வந்தது. முதலில் வத்திக்கான் ஆவணங்களில் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றிருந்தது. சாதியைக் குறிக்கும் அந்தப் பின்னொட்டு வேண்டாம் என்று முறையீடுகள் போயின, நீக்கிவிட்டார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னவருக்கு அந்தப் ‘பிள்ளை’ தேவைப்படவில்லை.

அடையாளத்துக்கு விலை கொடுப்பது பழங்கதை என்று நினைப்பவர்கள் ஒரு சான்றிதழைப் பார்க்க வேண்டும். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்னும் வெளியேதான். அதனால் தமிழ்நாட்டின் எத்தனையோ சேரிகளில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறது, தாசில்தார் அலுவலகத்தில் இந்து என்று எழுதிக் கொடுக்கிறது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், நம்பிக்கை கிறிஸ்தவமாக இருக்க, இட ஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பங்களைப் பார்த்து, உலகத்தின் அங்கீகாரத்துக்காக விசுவாசத்தை மறைக்கிறாயே என்று பேராலயத்தின் பிரசங்க மேடையிலிருந்து சொல்வது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் ஓர் இடமும் ஒரு வேலையும் பாராட்டு அல்ல, சோறு. சாதி மதம் மாறியபின்னும் துரத்துகிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஊர்களே நிரூபிக்கும்போது, மதம் மாறினால் சாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டு எழுதிய அந்த ஆணை திருத்தப்பட வேண்டியது. திருமுழுக்குக்கு அரசு ஒரு விலைச்சீட்டு ஒட்டக் கூடாது. ஆனால் அரசிடம் அப்படிக் கேட்பதற்கான தகுதி, சபை தன் வீட்டில் சாதிக்கு இடமில்லை என்று செயலில் காட்டும் அளவுக்குத்தான் இருக்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையின் கடைசி வார்த்தை வெளியே இருப்பவர்களுக்கு அல்ல, சாந்தோமிலும் கோட்டாற்றிலும் பாளையங்கோட்டையிலும் ஞாயிறுதோறும் கூடுகிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் இன்னும் சில பங்குகளில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. நடுவே சுவரும் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் நாலு பேருக்குப் பயப்படுவதையாவது புரிந்துகொள்ளலாம். செத்தவருக்கு எந்த நாலு பேர்? திருமுழுக்கு அன்று கோயில் வாசலில் குருவானவர் முதலில் கேட்டது பெயரைத்தான். கல்லறை வாசலிலும் பெயரை மட்டுமே கேட்கும்படி பங்குப் பேரவைகள் இந்த ஆண்டே தீர்மானம் போடட்டும், அந்தச் சுவர்களை இடிக்கட்டும்.